டைல்ஸைத் தூக்கிப் பார்த்தீர்களா?

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டைல்ஸ் பசையைப் பற்றியவை. அதனால் கம்பி, பெயின்ட், கொசுவலைக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் முழுக்கத் தரை டைல்ஸுக்கே. கடைகளில் அட்ஹெசிவ் என்று மூட்டையில் விற்பதைத்தான் இங்கே பசை என்று எழுதியிருக்கிறேன்.

ஐயா, ஹாலுக்கும் இரண்டு பெட்ரூமுக்கும் இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைடு டைல்ஸ் எடுத்தாயிற்று. மேஸ்திரியிடம் ஒரே ஒரு பல் கரணைதான் இருக்கிறது, 6 மி.மீ. பல். சுவருக்கும் அதுதான், தரைக்கும் அதுதான். கடைக்காரர் 10 மி.மீ. பல் கரணை வாங்குங்கள் என்கிறார். மேஸ்திரியோ, “பத்துல இழுத்தா மூட்டை மூட்டையா போகும்மா, அவருக்கு வியாபாரம்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

கடைக்காரர் பேச்சைக் கேளுங்கள் அம்மா. அவருக்கு வியாபாரம் என்பதும் உண்மைதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் லாபமும் உங்கள் லாபமும் ஒரே பக்கம் நிற்கின்றன.

பல் கரணை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டால் மீதி தானாகப் புரியும். பசையைத் தரையில் போட்டுப் பல் பக்கத்தால் இழுத்தால், ஏர் ஓட்டிய வயல் மாதிரி மேடும் சாலுமாக நிற்கும். டைல்ஸை வைத்து அழுத்தும்போது அந்த மேடுகள் சரிந்து சால்களை நிரப்ப வேண்டும், அப்போதுதான் டைல்ஸுக்கு அடியில் வெற்றிடம் இல்லாமல் பசை பரவும். பல்லும் பல்லுக்கு நடுவே உள்ள இடைவெளியும் ஒரே அகலம் என்றால், 10 மி.மீ. பல் கரணையை நிமிர்த்திப் பிடித்து இழுக்கும்போது 10 மி.மீ. உயர மேடு வரும், அது முழுக்கச் சரிந்த பிறகு கிடைப்பது அதில் பாதி, 5 மி.மீ. கனம். ஆனால் யாரும் கரணையை நட்டுக்குத்தாகப் பிடித்து இழுப்பதில்லை. சாய்த்துத்தான் பிடிப்பார்கள், சாய்க்கச் சாய்க்க மேட்டின் உயரம் குறையும். 60 டிகிரி சாய்வில் நாலேகால் மி.மீ. தேறும், 45 டிகிரியில் மூன்றரை. மாலை நாலு மணிக்கு மேஸ்திரிக்குக் கை ஓய்ந்து கரணை இன்னும் படுத்துவிட்டால் அதுவும் இல்லை.

இதே கணக்கை உங்கள் மேஸ்திரியின் 6 மி.மீ. கரணைக்குப் போட்டுப் பாருங்கள். நிமிர்த்திப் பிடித்தால் 3 மி.மீ., சாய்த்தால் இரண்டு சொச்சம். உங்கள் டைல்ஸைத் திருப்பிப் பின்பக்கம் விரலை ஓட்டுங்கள், கட்டம் கட்டமாகவோ கோடு கோடாகவோ வரிகள் இருக்கும், அந்தப் பள்ளங்களே கொஞ்சம் பசையைக் குடித்துவிடும். போதாததற்கு இரண்டடி டைல்ஸ் ஒன்றும் கண்ணாடி மாதிரி மட்டமாக வருவதில்லை, நடுவில் மயிரிழை தூக்கியோ இறங்கியோ இருக்கும். தரையிலும் அங்கங்கே பள்ளம். இத்தனையையும் அந்த இரண்டு மில்லி எப்படி நிரப்பும்? மேட்டின் உச்சி மட்டும் டைல்ஸைத் தொட்டு நிற்கும், மீதி காற்று. சுவரில் ஒட்டும் சின்ன டைல்ஸுக்கு அந்த 6 மி.மீ. கரணை சரியானதுதான், அதைக் குறை சொல்லவில்லை.

பொதுவாக இப்படி வைத்துக்கொள்ளலாம். நாலு அங்குலத்துக்குள் உள்ள சின்னத் துண்டுகளுக்கு 3, 4 மி.மீ. பல். ஓரடிக்கு ஓரடிக்கு 6 அல்லது 8. இரண்டுக்கு இரண்டுக்குப் பத்து. நாலுக்கு இரண்டு, அதற்கு மேல் என்றால் பத்து அல்லது பன்னிரண்டு, அதோடு டைல்ஸின் முதுகிலும் ஒரு தடவு கட்டாயம். இதெல்லாம் வேலையைத் தொடங்குவதற்கான அளவு மட்டும்தான். சரியா தப்பா என்று சொல்லப்போவது கரணை இல்லை, கடைக்காரரும் இல்லை, முதல் டைல்ஸின் முதுகுதான்.

முதல் டைல்ஸை வைத்து, அழுத்தி, மட்டம் பார்த்த கையோடு தூக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். பசை பிடித்துவிட்டதால் சும்மா இழுத்தால் வராது, ஒரு ஓரத்தில் கரணையைக் கொடுத்து மெல்ல நெம்பினால் உறிஞ்சுகிற சத்தத்தோடு கிளம்பும். திருப்பிப் பாருங்கள். முதுகு முழுக்க ஒரே சாம்பல் நிறமாகப் பசை ஏறியிருந்தால் கரணை சரி. கோடு கோடாகப் பசையும் இடையில் டைல்ஸின் வெற்று முதுகும் தெரிந்தால் மேடு சரியவே இல்லை, அடுத்த அளவுக் கரணைக்குப் போக வேண்டும், அல்லது அழுத்துகிற விதத்தை மாற்ற வேண்டும். நாலு மூலையையும் தனியாகப் பாருங்கள். நடுவில் ஒரு உள்ளங்கை அளவு விட்டுப்போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மூலை காலியாக இருக்கக் கூடாது, கேஸ் சிலிண்டரை உருட்டும்போது உடைவது மூலைதான். அமெரிக்காவில் பின்பற்றும் ஏ.என்.எஸ்.ஐ. ஏ108 விதியில் உலர்ந்த உள் அறைகளுக்குக் குறைந்தது 80 சதவீதம், ஈரம் படும் இடத்துக்கும் வெளிப்புறத்துக்கும் 95 சதவீதம் பசை ஒட்டியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. நம் வீட்டு ஹாலுக்கும் அதை அளவாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை. வேலை நடக்க நடக்க அங்கங்கே ஒன்றைத் தூக்கிப் பாருங்கள், முக்கியமாகப் புது மூட்டை கலக்கும்போதும் சாப்பாட்டு இடைவேளை முடிந்து உட்காரும்போதும்.

இன்னொன்று, பத்து வாங்கியாயிற்று என்பதற்காகத் தரைப் பள்ளத்தை எல்லாம் பசை நிரப்பிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பத்தடி அலுமினிய மட்டப்பலகையைத் தரையில் வைத்து அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முதலில் கலவையால் அந்தப் பள்ளத்தை நிரவி, காய வைத்து, அப்புறம் டைல்ஸ். பசை ஒட்டுவதற்கு, மட்டம் கட்டுவதற்கு இல்லை. இந்த வேலையை விட்டுவிட்டுக் கரணையை மட்டும் மாற்றினால் மேஸ்திரி சொன்ன மாதிரி மூட்டை மூட்டையாகத்தான் போகும்.

பத்து மி.மீ. பல் என்றால் ஒரு சதுரத்துக்கு எத்தனை மூட்டை பிடிக்கும்? எங்களுக்கு மொத்தம் பத்துச் சதுரம் தரை இருக்கிறது.
— வாசகர், பண்ருட்டி

பவுடர் கணக்கு சுமாராக இதுதான்: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. கனத்துக்கு 1.3 முதல் 1.5 கிலோ. ஒரு சதுரம், அதாவது 100 சதுர அடி, 9.3 சதுர மீட்டர். நடுவாக 1.4 கிலோ என்று வைத்துக்கொண்டால், 3 மி.மீ. கனத்துக்கு 39 கிலோ, 20 கிலோ மூட்டையில் இரண்டு. 5 மி.மீ. கனம் என்றால் 65 கிலோ, மூன்றேகால் மூட்டை. உங்கள் பத்துச் சதுரத்துக்கு 20 மூட்டைக்கும் 33 மூட்டைக்கும் உள்ள வித்தியாசம் அது, நடைமுறையில் கரணை சாய்வதால் இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது வந்து நிற்கும். மூட்டையில் ‘50 சதுர அடி வரும்’ என்று போட்டிருந்தால் அது 3 மி.மீ. கனத்துக்குப் போட்ட கணக்கு, பெரிய டைல்ஸுக்குப் பொருந்தாது, அதை நம்பி எண்ணி வாங்கிவிட்டு நடுவில் தீர்ந்துபோய்க் கடைக்கு ஆள் அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

அண்ணே, நான் வில்லியனூர் பக்கம் டைல்ஸ் வேலை செய்கிறேன், தொழிலுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. 10 மி.மீ. கரணைதான் வைத்திருக்கிறேன், பசையும் நல்ல கம்பெனி. இருந்தாலும் நாலுக்கு இரண்டு டைல்ஸைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் வட்ட வட்டமாகப் பசை படாமல் இருக்கிறது. சுத்தியால் நன்றாகத் தட்டித்தான் வைக்கிறேன். என்ன தப்பு?
— டைல்ஸ் தொழிலாளி, வில்லியனூர்

தூக்கிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே தம்பி, பாதி வேலை அதிலேயே முடிந்தது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கரணையை வட்டம் வட்டமாகச் சுழற்றி இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கை விசிறி மாதிரி அரைவட்டமாக இழுப்பது பார்க்க அழகாக இருக்கும், வேகமாகவும் இருக்கும், பெரிய மேஸ்திரிகள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் சிக்கல் என்னவென்றால் சால் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டி மூடிக்கொள்ளும். மேலே டைல்ஸ் உட்கார்ந்ததும் உள்ளே அகப்பட்ட காற்றுக்கு வெளியே போக வழி கிடையாது, எவ்வளவு தட்டினாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நீங்கள் பார்க்கிற வட்டம் அந்தக் காற்றுதான்.

நேர்கோடாக இழுங்கள். எல்லாச் சாலும் ஒரே திசையில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. நாலுக்கு இரண்டில் திசை முக்கியம்: சால் இரண்டடிப் பக்கத்துக்கு இணையாக ஓட வேண்டும். அப்போது காற்று இரண்டடி தூரத்தில் வெளியே போய்விடும், நாலடிப் பக்கமாக இழுத்தால் அதற்கு இரட்டை தூரம். டைல்ஸை வைத்த பிறகு சுத்தியை எடுப்பதற்கு முன்னால், இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து, சாலுக்குக் குறுக்காக ஒரு முறை முன்னே தள்ளி ஒரு முறை பின்னே இழுங்கள், ஒரு சாலின் அகலத்துக்கு நகர்ந்தால் போதும், பத்து மில்லி, அவ்வளவுதான். மேடு சரிந்து பக்கத்துச் சாலில் விழுவது அந்த நகர்த்தலில்தான். சால் போகும் திசையிலேயே தள்ளினால் மேடு அப்படியே நிற்கும், ஒன்றும் ஆகாது. ரப்பர் சுத்தி பக்கத்து டைல்ஸோடு மட்டம் சேர்ப்பதற்கு, பசையைப் பரப்பும் வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள். அடிக்கிற அடியில் மேட்டின் உச்சி கொஞ்சம் நசுங்கும், சால் சாலாகவே இருக்கும்.

முதுகுத் தடவலையும் விடாதீர்கள். விட்ரிஃபைடு டைல்ஸின் பின்பக்கம் வெள்ளையாகப் பவுடர் மாதிரி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், சூளையில் உருளையில் ஒட்டாமல் இருக்கப் பூசுவது அது, பசைக்கும் டைல்ஸுக்கும் நடுவில் அதுதான் எதிரி. முதலில் ஈரத் துணியால் ஒரு துடை. அப்புறம் கரணையின் பல் இல்லாத பக்கத்தால் பசையை அழுத்தி, வழித்துத் தடவுங்கள், பின்பக்க வரிகள் எல்லாம் நிரம்பி, ஒரு மில்லிக்கும் குறைவான தோல் மாதிரி நிற்க வேண்டும். முதுகில் பல் பக்கத்தைப் போட்டு இழுக்காதீர்கள், தரையில் ஒரு திசை முதுகில் ஒரு திசை என்று குறுக்கும் நெடுக்குமாகி மறுபடியும் காற்று அடைபடும். தரையிலும் இதே மாதிரிதான், முதலில் தட்டைப் பக்கத்தால் ஒரு மெல்லிய பூச்சை அழுத்தித் தேய்த்துவிட்டு, அதன்மேல் பசையை வைத்துப் பல்லால் இழுக்க வேண்டும். வெறும் தரையில் நேரே பல்லை இழுத்தால் சாலின் அடியில் சிமெண்ட் தூசி தெரியும், அந்தக் கோட்டில் எதுவும் ஒட்டாது.

கரணையின் கோணம் மாறாமல் இருக்கட்டும், கிட்டத்தட்ட 60 டிகிரி. கூலி சதுர அடிக் கணக்கு என்பது தெரியும், முதுகில் தடவ நேரம் பிடிக்கும் என்பதும் தெரியும், அதற்குத் தனியாகக் கூலி பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அதை வாயைத் திறந்து கேட்காமல், வேலையில் பிடித்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் பல வீடுகளில் நடக்கிறது.

எங்கள் மேஸ்திரி நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று பசையை வைத்து டைல்ஸை அழுத்திவிடுகிறார். கேட்டால் “முப்பது வருஷமா இப்படித்தான்” என்கிறார். பசை போட்டால் போதாதா, பல் கரணை எதற்கு?
— வாசகர், அரியாங்குப்பம்

நிறுத்தச் சொல்லுங்கள், இன்றைக்கே. உருண்டை நசுங்கி ஒரு சாணளவு பரவும், ஐந்து சேர்ந்தாலும் டைல்ஸின் பாதி அந்தரத்தில்தான் நிற்கும். கட்டில் கால் அந்த அந்தரத்தின் மேல் வந்தால் விரிசல், குளியலறை என்றால் தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கி நாற்றம். முப்பது வருஷம் என்று அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. அன்றைக்கு அவர் போட்டது தண்ணீரை உறிஞ்சுகிற செராமிக், அடியில் கலவை கொட்டிச் சிமெண்ட் பால் ஊற்றி உட்கார வைத்தால் சிமெண்ட் டைல்ஸுக்குள் ஏறிப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு வருகிற விட்ரிஃபைடு அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, சிமெண்ட் பால் அதன் முதுகில் ஏறவே ஏறாது, அதனால்தான் பாலிமர் கலந்த பசைக்கே வந்தோம். டைல்ஸைத் தொட்டித் தண்ணீரில் ஊறப் போடும் வழக்கமும் அந்தக் காலத்தோடு போகட்டும். பசை வேலையில் டைல்ஸின் முதுகு துடைத்து உலர்ந்திருக்க வேண்டும்.

தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. குளியலறைக்கும் மொட்டை மாடிக்கும் டைல்ஸ் போடப் போகிறோம். உப்புக் காற்றுக்கு வேறு பசையா, வேறு கரணையா?
— வாசகர், கடலூர்

கரணை வேறு இல்லை, ஆனால் கணக்கு கடுமையாகும். இரண்டு இடமும் தண்ணீர் படுகிற இடம், 95 சதவீதத்துக்குக் குறைந்தால் ஏற்காதீர்கள், அதாவது தூக்கிப் பார்க்கும் டைல்ஸில் வெற்று முதுகு கிட்டத்தட்ட இல்லை என்கிற அளவு. குளியலறையில் வாட்டத்துக்காக ஓரடி டைல்ஸ் போடுவீர்கள் அல்லவா, அதற்கு 8 மி.மீ. பல்லும் முதுகுத் தடவலும் போதும். வாட்டத்தைக் கலவைத் தளத்திலேயே எடுத்துவிட வேண்டும். பசையைக் கூட்டிக் குறைத்து வாட்டம் எடுக்கிறேன் என்று மேஸ்திரி சொன்னால் ஒரு பக்கம் பத்து மில்லி ஒரு பக்கம் இரண்டு மில்லி என்று ஆகி, இரண்டு மில்லிப் பக்கம் முதலில் கிளம்பும்.

உங்கள் பகுதியில் பெரிய பிரச்சினை காற்றுதான். சித்திரை, வைகாசியில் வெயிலும் சேர்ந்தால் இழுத்துப் போட்ட பசையின் மேலே சீக்கிரம் தோல் கட்டிவிடும், கீழே ஈரமாக இருந்தாலும் மேல்தோல் டைல்ஸில் ஒட்டாது. இழுத்த பசைமேல் டைல்ஸை வைத்துவிட வேண்டும் என்று மூட்டையில் போட்டிருக்கும் நேரம், பெரும்பாலும் 20 நிமிடத்தை ஒட்டி இருக்கும், அது நிழலான, காற்றில்லாத அறைக்கு. மொட்டை மாடியில் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஆகவே இரண்டு மூன்று டைல்ஸுக்கு மேல் ஒரே நேரத்தில் பசையை இழுத்து வைக்க விடாதீர்கள். சந்தேகம் வந்தால் மேட்டின் மேல் விரலை வையுங்கள், விரலில் பசை ஒட்டிக்கொண்டு வந்தால் டைல்ஸை வைக்கலாம், ஒட்டாமல் சுத்தமாக வந்தால் முழுவதையும் வழித்துத் தூர எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். தண்ணீர் தெளித்துப் பிழைக்க வைக்கும் வித்தை வேண்டாம். காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வேலை வைத்துக்கொள்ளுங்கள், நடுப்பகலில் தரையே சுடும். மாடித் தளத்தைத் தொடங்குவதற்கு முன் ஈரத் துணியால் துடைத்துக் குளிர வைக்கலாம், தண்ணீர் தேங்கக் கூடாது.

கலக்குவதற்கு உப்புப் போர்த் தண்ணீர் ஆகாது. குடிக்கிற தண்ணீர் எதுவோ அதுதான். கடலோரத்தில் இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால் பிற்பாடு இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூத்துக்கொண்டு வரும்போது டைல்ஸ் கம்பெனியைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள்.

மாடியில் டைல்ஸைச் சந்து இல்லாமல் நெருக்கி ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு டைல்ஸுக்கும் நடுவே ஸ்பேசர் வைத்து இடைவெளி, அது போக எட்டிலிருந்து பன்னிரண்டு அடிக்கு ஒரு தடவை நீளவாக்கிலும் குறுக்கிலும் விரிவுச் சந்து விட்டு வெயிலைத் தாங்கும் சீலன்ட்டால் அடைக்க வேண்டும், சுவர் ஓரத்திலும் அப்படியே. நடு வெயிலில் மாடி டைல்ஸ் வெடி மாதிரிச் சத்தத்தோடு கூடாரமாக எழும்பி நிற்பதற்கு, பசை குறைவும் சந்து இல்லாததும் ஒன்று சேர்ந்ததுதான் காரணம். பசை எது என்று கேட்டிருந்தீர்கள். ஐ.எஸ். 15477 : 2019 என்ற இந்தியத் தர எண் மூட்டையில் இருக்கிறதா பாருங்கள், அதில் வகை 1 சாதாரண உள்வேலைக்கு, நீங்கள் வகை 2க்குக் கீழே போகாதீர்கள்.

வேலை முடிந்து குடி வந்தாயிற்று. நாணயத்தால் தட்டிப் பார்த்தால் சில டைல்ஸில் பொக்குச் சத்தம் வருகிறது. எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டுமா?
— வாசகி, நெல்லிக்குப்பம்

வேண்டியதில்லை அம்மா, பயப்படாதீர்கள். சத்தம் வருகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். டைல்ஸின் நடுவில் சின்ன வட்டம், ஆள் நடமாட்டம் குறைந்த இடம், டைல்ஸ் ஆடவில்லை, இடுக்குப் பூச்சு விரியவில்லை என்றால் விட்டுவிடலாம். மூலையில் பொக்கு, அல்லது டைல்ஸில் பாதிக்கு மேல் பொக்கு, அல்லது கால் வைக்கும்போது லேசாக அசைகிறது என்றால் அதை எடுத்துப் போடுவதுதான் வழி. ஊசி போட்டு எபாக்ஸி ஏற்றுகிறோம் என்று வருவார்கள், ஒன்றிரண்டு டைல்ஸ் என்றால் சரி, அறை முழுக்க என்றால் காசுக்குக் கேடு. எடுக்கும்போது அடியில் கோடு கோடாகப் பசை நிற்கிறதா, உருண்டையா, தோல் கட்டிய பசையா என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பந்தக்காரரிடம் பேசும்போது வாக்குவாதம் குறையும்.

சதுரப் பல், யு பல், வி பல் என்று மூன்று விதம் இருக்கிறதே, தரைக்கு எது?
— வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

சதுரம். யு பல்லும் ஓடும், மேடு கொஞ்சம் எளிதாகச் சரியும், பசை சற்றுக் குறைவாகப் பிடிக்கும். வி பல் மொசைக் மாதிரி மெல்லிய துண்டுகளுக்கு, தரைக்குக் கொண்டுவராதீர்கள்.

சார், புதுச்சேரியில் தாத்தா காலத்து வீடு. தரை சிவப்பு ஆக்சைடு, இப்போது அங்கங்கே வெடித்துவிட்டது. பெயர்த்தால் தூசியும் செலவும். அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார்கள். ஒட்டினால் பத்து மி.மீ. பல் போதுமா?
— வாசகர், முத்தியால்பேட்டை

பல்லுக்கு முன்னால் தரையைப் பாருங்கள் சார். நல்ல ஆக்சைடு தரையைப் பெயர்க்கவோ மூடவோ எனக்கு மனசு வராது, வெடிப்பை அடைத்துப் பாலிஷ் போட்டால் இன்னும் ஒரு தலைமுறை ஓடும். சரி, மூடுவது என்று முடிவெடுத்துவிட்டால் முதலில் தரை முழுக்கத் தட்டிப் பாருங்கள், பொக்கான இடத்தை வெட்டி எடுத்துக் கலவையால் நிரப்புங்கள். அப்புறம் ஓதம். பழைய வீடுகளில் மழைக்காலத்தில் தரையிலேயே ஈரம் கசியும், ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள், அடியில் வியர்த்திருந்தால் ஈரத்துக்கு வழி பண்ணாமல் டைல்ஸ் போடக் கூடாது.

வருஷக் கணக்கில் மெழுகும் எண்ணெயும் தேய்த்த வழவழப்பில் எந்தப் பசையும் நிற்காது. கிரைண்டர் போட்டுப் பளபளப்பை எடுத்து, கழுவி, காய விட்டு, பசைக் கம்பெனி சொல்கிற பிரைமர் அடித்து, பழைய தரை மேல் ஒட்டலாம் என்று மூட்டையிலேயே எழுதியிருக்கிற உயர்வகைப் பசையாக வாங்குங்கள். பல் 10 மி.மீ. போதும், பழைய தரை பெரும்பாலும் மட்டமாகத்தான் இருக்கும், அந்தக் காலத்துக் கொத்தனார் அதில் கை சுத்தம். ஆனால் டைல்ஸும் பசையும் சேர்த்து அரை அங்குலத்துக்கு மேல் தரை உயரும், கதவுகளை அடியில் சீவ வேண்டும், வாசற்படியில் தடுக்கும். அதை எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மேஸ்திரி தகரத்தில் தானே பல் வெட்டிக் கரணை செய்து வைத்திருக்கிறார். கடைக் கரணைக்குப் பதில் அதை அனுமதிக்கலாமா?
— வாசகர், லாஸ்பேட்டை

தகரத்தில் ஆகாது, இழுக்கும்போது வளைந்து நடுவில் மேடு குட்டையாகவும் ஓரத்தில் உயரமாகவும் வரும். ஆக்சா பிளேடால் வெட்டிய பல் ஒன்றுக்கொன்று ஒரே அளவாக இருப்பதும் அபூர்வம். கடைக் கரணையும் சாகாவரம் பெற்றதில்லை, சொரசொரப்பான தரையில் உரசி உரசிப் பல் தேயும், பத்து எட்டாகும், எட்டு ஆறாகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு ஸ்கேலை வைத்துப் பல்லின் ஆழத்தை வாரம் ஒரு தடவை அளந்து பாருங்கள். ஒரு மில்லி வரை தேய்ந்திருந்தால் அரத்தால் ஆழமாக்கலாம், அதற்கு மேல் போனால் புதிது வாங்குங்கள், ஒரு மூட்டைப் பசையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை. சாயந்திரம் வேலை முடிந்ததும் பல்லுக்கு நடுவே காய்ந்த பசை இல்லாமல் கழுவி வைக்கச் சொல்லுங்கள். அடைத்துக்கொண்ட பத்து மி.மீ. கரணை மறுநாள் காலையில் ஆறு மி.மீ. வேலைதான் செய்யும்.